சோற்றுக்குள் கறி

(கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில், ‘குட்டிக் காபூல்’ என்று ஊரார் அழைக்கும் பகுதியில் ஓர் ஆப்கானியக் குடும்ப உணவகம். மதியக் கூட்டம் கலைந்து, ஒரே ஒரு மேசையில் மட்டும் ஆள் இருக்கிறார். சமையலறையில் பாட்டி மந்துக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருக்கிறார். வணிக மேலாண்மை படிக்கும் பேரன் கைப்பேசியுடன் உள்ளே வருகிறான்.)

பேரன்: பாட்டி, நேற்று இரவு வந்த ஒருவர் நமக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். காபூலி பலாவ் கேட்டவருக்கு வெறும் சோற்றையும் கேரட்டையும் திராட்சையையும் வைத்து ஏமாற்றிவிட்டோமாம். ஆதாரத்துக்குப் படமும் போட்டிருக்கிறார்.

பாட்டி: காட்டு, பார்ப்போம். அடடா, சோறு எவ்வளவு உதிரி உதிரியாக வந்திருக்கிறது! இந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு வாசலில் மாட்டு.

பேரன்: அவர் நம்மைத் திட்டியிருக்கிறார், பாட்டி.

பாட்டி: கரண்டியை உள்ளே விட்டுப் பார்த்தாரா?

பேரன்: பாதியிலேயே கோபம் வந்துவிட்டதாம்.

பாட்டி: கோபம் வந்த இடத்துக்கு அரை அங்குலம் கீழே ஆட்டுக்கறி இருந்திருக்கும். வெங்காயத்தை நன்றாகச் சிவக்க விட்டு, அதில் கறியைப் புரட்டி, தண்ணீர் ஊற்றி வேகவைத்து, அந்தச் சாற்றைத்தானே அரைவேக்காட்டில் வடித்த அரிசியில் கலந்து தம் போடுகிறோம்? சோற்றுக்கு அந்தப் பழுப்பு நிறம் வானத்திலிருந்தா வந்தது என்று மனிதர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பேரன்: யோசிக்க வைப்பதைவிடக் கறியை மேலே எடுத்து வைத்துவிடலாமே?

பாட்டி: பெருமைக்குரிய பொருளை மூடிவைத்து, அதன்மேல் ஏலக்காய் மணக்கும் கேரட்டைச் சீராகப் பரப்பிப் பரிமாறுவதுதான் முறை. கறியைக் கடை விரித்தால், ‘பார், உனக்காக எவ்வளவு செலவழித்திருக்கிறேன்’ என்று விருந்தாளியிடம் கணக்குக் காட்டியதுபோல் ஆகிவிடும்.

பேரன்: கடைசியில் கணக்குத்தானே கொடுக்கிறோம், பாட்டி? அதற்குப் பெயர் பில். அது போகட்டும், செய்முறையையாவது சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். கேரட்டுக்குச் சர்க்கரை எவ்வளவு?

பாட்டி: கேரட்டைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போட வேண்டும்.

பேரன்: உப்பு?

பாட்டி: உன் தாத்தா முகம் சுளிக்காத அளவு.

பேரன்: தாத்தா காலமாகிவிட்டாரே!

பாட்டி: ஆமாம், அதற்குப் பிறகுதான் சரியான அளவில் போட முடிகிறது.

பேரன்: பாட்டி, இதோ பாருங்கள்! மிச்சத்தைக் கட்டி வாங்கிப்போன அதே மனிதர், வீட்டில் பெட்டியைத் தட்டில் கவிழ்த்தாராம், கறி மேலே வந்துவிட்டதாம். இப்போது நான்கு நட்சத்திரமாக உயர்த்தியிருக்கிறார்.

பாட்டி: ஐந்தாவது எங்கே?

பேரன்: ஒளித்து வைத்ததற்காகப் பிடித்துக்கொண்டாராம்.

பாட்டி: வைத்துக்கொள்ளட்டும்.

பேரன்: நமக்கென்று பெயர் சொல்லும்படி ஒரு பண்டம் வேண்டும். கர்சாய் குடும்பத்தார் 1989இல் பால்டிமோரில் தொடங்கிய ஹெல்மண்ட் உணவகத்தைப் பாருங்கள். இனிப்பாக வேகவைத்த பூசணிக்குப் பூண்டுத் தயிரை ஊற்றியே பெயர் வாங்கிவிட்டார்கள்.

பாட்டி: அந்தக் குடும்பத்தில் ஒருவர் ஆப்கானிஸ்தானுக்கே அதிபரானார். நம் வீட்டில் உன் அப்பாவால் இந்தக் கடையின் கார் நிறுத்துமிடத்தையே ஆள முடியவில்லை. மந்துவை வைத்துப் பெயர் வாங்கு. கொத்துக்கறியும் வெங்காயமும் பூரணமாக வைத்து ஆவியில் வேகவைத்து, கடலைப்பருப்புக் குழம்பும் தயிரும் ஊற்றி, காய்ந்த புதினாவைத் தூவினால் யார் வேண்டாம் என்பார்கள்?

பேரன்: நல்ல யோசனை. ‘பாட்டி தம் கையாலேயே மாவு பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்துச் செய்யும் பாரம்பரிய மந்து’ என்று பட்டியலில் போட்டுவிடுகிறேன். ஆனால், உறைபெட்டியில் சீனக்கடை வான்டன் தோல், அதாவது ஆயத்தமாகத் தேய்த்து விற்கும் மாவுத் தாள், கட்டுக்கட்டாக இருக்கிறதே?

பாட்டி: கதவைச் சாத்திவிட்டுப் பேசு.

பேரன்: பாட்டி!

பாட்டி: சோவியத் படை 1979இல் நுழைந்த பிறகு காபூலை விட்டுக் கிளம்பி, பெஷாவரில் காத்திருந்து, இங்கே வந்து சேர்ந்தபோது, ஆஷக் கொழுக்கட்டைக்குள் வைக்கும், வெங்காய இனத்துக் கந்தனாக் கீரை எந்தக் கடையிலும் இல்லை. வெங்காயத்தாளை வைத்தோம், பண்டிகை நின்றா போனது? மந்துவே பட்டுப்பாதை வழியாக வந்த பண்டம் என்று போன வாரம் நீதானே பாடம் நடத்தினாய்? தோல் மட்டும் இப்போது சுற்றாமல் நேர்வழியில் வருகிறது.

பேரன்: சரி, ‘பட்டுப்பாதை மந்து’ என்று போட்டு இரண்டு டாலர் கூட்டிவிடுகிறேன். அப்படியே தேநீருக்கும் விலை வைத்துவிடலாம். பச்சைத் தேயிலை, ஏலக்காய், கூடவே சர்க்கரைப் பாகு பூசிய பாதாம் நொகுல் என்று எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தால் கடை தாங்காது.

பாட்டி: தேநீருக்குக் காசு வாங்கினால், என் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்து அந்த மேசையிலேயே உட்கார்ந்துவிடுவார்.

பேரன்: மேசை ஏற்கெனவே காலியாக இல்லை. வெளியே இருக்கும் அந்த இளைஞர் பதினோராவது கோப்பையில் இருக்கிறார். முகம் வெளிறிவிட்டது. கழிப்பறைப் பக்கமே கண் போகிறது, ஆனாலும் அப்பா ஊற்ற ஊற்ற மரியாதைக்காகக் குடித்துக்கொண்டிருக்கிறார். போதும் என்றால் கோப்பையைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று யாராவது அவரிடம் சொன்னோமா?

பாட்டி: நாமாகப் போய் அதைச் சொன்னால், ‘போதும், எழுந்து போ’ என்று விரட்டியதாகிவிடாதா? கெண்டியை எடு, அப்பாவுக்குக் கை வலிக்கும்.