பழைய பைக்கின் பின்பக்கச் சொக்கை மாற்றப்போகும் தம்பிமாருக்கு

போன வாரம் ஒரு தம்பி இன்பொக்ஸில் கேட்டிருந்தார். "அண்ணே, என்னோட சுசுகி ஜிஎன் 125 பைக்குக்குப் பின்பக்க சொக் மாத்தணும். நல்ல ஹார்டா ஒரு ஜோடி சொல்லுங்க." இரண்டு வரியில் பதில் போட்டேன், ஆனால் மனம் ஆறவில்லை. ஹட்டனில் பார்ட்ஸ் கடை வாசலில் நிற்கும்போதெல்லாம் இதே கேள்விதான் காதில் விழுகிறது. எல்லோரும் "ஹார்ட்" என்றுதான் கேட்கிறார்கள். பிழை அந்தச் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது.

சொக் என்பது பின் சக்கரத்துக்கும் பைக்குக்கும் நடுவே நின்று அதிர்வைத் தாங்கும் பாகம். பழைய சொக்கில் முதலில் செத்துப்போவது பெரும்பாலும் ஸ்பிரிங் அல்ல, உள்ளே இருக்கும் ஒயில்தான். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். அமுங்கிய ஸ்பிரிங்கைத் துள்ளவிடாமல் பிடித்து மெல்ல எழவிடுவது ஒயிலின் வேலை. ஒயிலை அடைத்து வைக்கும் சீல் போய் ஒயில் கசிந்துவிட்டால், ஒரு குழியில் இறங்கிய பைக் நாலு தடவை ஆடித்தான் அடங்கும். அதைப் பார்த்து ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு வேகமாகத் திருப்பி உதைக்கும். அந்த உதையை அடக்க உள்ளே ஆள் இல்லாவிட்டால் ஹார்ட் சொக் போட்டு என்ன பயன்?

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் இருப்பது அப்பா ஓட்டிய ஹொண்டா சிடி 125. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு புது பைக் விலை கைக்கு எட்டாமல் போனது. இருப்பதைக் காப்பாற்றுவோம் என்று ஒரு கடையில் பளபளவென்று இருந்த ஒரு ஜோடி வாங்கினேன். பக்கத்தில் சின்னப் போத்தல் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது, 'கேஸ் சொக்' என்றார்கள். பழையதை விட 20 மில்லிமீற்றர் நீளம். பின்பக்கம் தூக்கி நின்றது பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அந்த 20 மில்லிமீற்றர் செய்த வேலையைக் கேளுங்கள். பின்னால் உயர்ந்ததும் முன் ஃபோர்க் செங்குத்தானது. ஹேண்டில் கொஞ்சம் தொட்டாலே திரும்பியது. சைட் ஸ்டாண்டில் நிறுத்தினால் பைக் கூடுதலாகச் சாய்ந்தது. செயின், பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் சுவிங் ஆமில் உரசத் தொடங்கியது. கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போதுதான் உண்மையாகவே பயந்தேன். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் போகும், பின் ஸ்பிரிங் நீளும். மெல்ல நீண்டால் டயர் ரோட்டை விடாது. என்னுடையது சடாரென்று நீண்டது, வளைவில் பின் டயர் தத்தியது. பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து கழற்றி, அந்தப் போத்தலை அறுத்துப் பார்த்தேன். உள்ளே எதுவுமே இல்லை, வெறும் அலங்காரம். (உண்மையான கேஸ் சொக் என்றால் அறுக்கவோ வெல்டிங் பிடிக்கவோ கூடாது. அமுக்கி அடைத்த நைட்ரஜன் வெடிக்கும். அன்று நான் செய்தது பெரிய பிழை.)

சமவெளியில் ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் அவ்வளவு உறைக்காது. மலையகத்தில் நமக்கு ஏற்றம், இறக்கம், வளைவு, அதற்குப் பிறகு தோட்ட லயத்துக்குப் போகும் கல் ரோடு. ஆகவே கடைக்காரர் பெட்டியைத் திறந்ததும் சொக்கைக் கையால் அமுக்கிவிட்டு விடுங்கள். சீராக, மெல்ல எழுந்தால் நல்லது. டக்கென்று எழுந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நீளத்தை மேல் போல்ட் ஓட்டையின் நடுவிலிருந்து கீழ் ஓட்டையின் நடு வரை அளக்க வேண்டும். கொம்பனி அளவையே எடுங்கள். குறைந்தாலும் கரைச்சல், வளைவில் சைலன்சர் உரசும். போல்ட் நுழையும் ஓட்டைக்குள் இருக்கும் புஷ்ஷின் உள்விட்டமும் பொருந்த வேண்டும், வொஷர் போட்டு ஒப்பேற்றக் கூடாது. ஒற்றை சொக் பைக்கில் கழற்றிய சாமானை இரட்டை சொக் பைக்குக்கு மாட்டலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அதன் ஸ்பிரிங் வேறு கணக்கில் செய்தது.

அப்புறம் பாரம். பின்னால் உட்காருகிறவரின் எடை கிட்டத்தட்ட முழுவதும் பின் சக்கரத்தில்தான் இறங்கும். தனியாக ஓட்டுகிறவருக்குச் சரியான ஸ்பிரிங், மனைவியையும் ஒரு மூட்டை அரிசியையும் ஏற்றுகிறவருக்குப் போதாது. இங்கிலாந்தின் ஹேகன் போன்ற தயாரிப்பாளர்கள் ஓட்டுகிறவரின் எடையைக் கேட்டுத்தான் ஸ்பிரிங் போடுகிறார்கள். நம் கடைகளில் யாரும் கேட்பதில்லை, நாமாகச் சொல்லவேண்டும். மாட்டிய பிறகு வழக்கமான பாரத்தோடு உட்கார்ந்து பாருங்கள். சொக் அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இறங்கினால் சரி. சொக்கின் கீழே உள்ள வளையத்தைத் திருப்பினால் பைக் உயரும், ஆனால் ஸ்பிரிங்கின் பலம் கூடாது. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

தென்மேல் பருவமழையில் தோட்டத்து ரோட்டில் ஓடுகிறவர்கள் சொக்கின் தண்டை மூடிய வகையை எடுப்பதே நல்லது. சேறும் மணலும் அந்த குரோம் தண்டில் ஒட்டி சீலை அறுத்துவிடும். ஸ்பிரிங் வெளியே தெரியும் சொக் படத்துக்கு நன்றாக இருக்கும், பொகவந்தலாவை மழைக்கு நிற்காது.

தம்பி, காசு கொடுக்க முன் ஒரு வேலை செய்யுங்கள். பைக்கை மெயின் ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் முதலில் சுவிங் ஆம் புஷ்ஷையும் வீல் பெயாரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆடாவிட்டால் உங்கள் எடையையும் பின்னால் ஏறுகிறவரின் எடையையும் எனக்கு அனுப்புங்கள். பழைய சொக்கை இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், அளவெடுக்க அது வேண்டும்.