அம்பேல் சொல்லும் உரிமை

எங்கள் செல்லூர்ப் பக்கத்துச் சந்துகளில் பிள்ளைகள் ஆடும் ஆட்டங்களில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. ஓடிப்பிடித்து விளையாடுகையில் செருப்பு வார் அறுந்தாலோ மூச்சு வாங்கினாலோ "டைம் ப்ளீஸ்" என்று கையைத் தூக்கியவனை எவரும் தொடக் கூடாது. ஆட்டமே வேண்டாம் என்று தோன்றினால் "நான் அம்பேல்" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். காரணம் கேட்பார் கிடையாது. சொன்ன பிறகும் தொட்டுவிட்டு 'அவுட்' என்று வாதாடுகிறவனுக்குக் கள்ளாட்டை ஆடுகிறவன் என்ற பெயர் வந்துவிடும். மறுநாள் அவனை எந்தக் கட்சியிலும் சேர்க்க மாட்டார்கள். ஓட முடியாத பொடியனை 'ஒப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொண்டு, பிடிபட்டாலும் கணக்கில் வைக்காமல் விடுகிற பெருந்தன்மையும் அவர்களே வகுத்ததுதான். (அந்தப் பெயரை மட்டும் மாற்றினால் நல்லது.)

பிரிட்டனில் சிறுவர் ஆட்டங்களையும் பேச்சையும் ஆராய்ந்த ஓப்பி தம்பதியர் சுமார் 5,000 பள்ளிப் பிள்ளைகளிடம் திரட்டி 1959இல் நூலாக வெளியிட்ட செய்திகளில், 'பார்லி', 'ஸ்கின்ச்', 'ஃபெயினைட்ஸ்' என ஆட்டத்தை இடையில் நிறுத்தச் சொல்லும், வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் இத்தகைய சொற்கள் நிறைய உள்ளன. அமெரிக்கப் பிள்ளைகளோ, யாருக்கும் பிடிக்காத வேலை வந்தால் சட்டென்று மூக்கைத் தொடுவார்கள். கடைசியாகத் தொட்டவர் தலையில் அந்த வேலை விழும். இவற்றிலெல்லாம் ஆண், பெண் என்ற கணக்கே இல்லை.

நம் வீடுகளில்தான் அந்தக் கணக்கு இருக்கிறது. அண்மையில் ஒரு மாலை, குழாயில் தண்ணீர் வந்ததும் பக்கத்து வீட்டுப் பையன் "நான் அம்பேல்" என்று கத்திவிட்டு ஓடினான், வீடே சிரித்தது. அவன் அக்கா அதையே சொன்னபோது, "பொட்டப்புள்ளைக்கு என்னடி அம்பேல், குடத்தை எடு" என்று அப்பத்தா அதட்டினார். வீட்டுப்பாட நோட்டை மூடிவைத்து, பாவாடையைச் செருகிக்கொண்டு அவள் போய் வரிசையில் நின்றாள். மறுத்துச் சொன்னால் மதிக்கப்படும் என்று தெருவில் கற்ற பிள்ளைக்கு, அது உனக்கில்லை என்று வீடு கற்பிப்பதை என்னால் சிரித்துக் கடக்க முடியவில்லை.

பிள்ளைகள் வேலையே செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மகன், மகள் இருவருக்கும் அம்பேல் உண்டு, இன்று சொன்னவர் நாளை சொல்லக் கூடாது என்று எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம். மகன் கொஞ்ச நாள் முனகினான். இப்போது அவனும் முறைப்படி குடம் எடுத்துப் போகிறான்.