எருமைக்குக் குளம்பு எங்கய்யா?

ஞாயித்துக்கிழமை விழா போட்டோ எல்லாரும் போட்டாச்சு, நானும் பாத்தேன். மேடைக்குப் பின்னாடி இருபது அடி ஃபிளெக்ஸ். அது என் படம். நம்ம ஊர் மாதப் பத்திரிகைக்குப் போன வருஷம் வரைஞ்சு கொடுத்தது.

காசு கேக்கல. பேரைப் போடுங்கன்னுதான் சொல்றேன்.

1690ல நம்ம கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர்கிட்ட இங்கிலீஷ் கம்பெனி விலைக்கு வாங்குச்சு. பீரங்கி குண்டு விழுற தூரம் வரைக்கும் இருக்கிற ஊரும் கம்பெனிக்குத்தான்னு பேச்சு. குண்டு சாலை, குண்டு உப்பலவாடின்னு இன்னிக்கும் சொல்றோமே, அந்தக் கதைதான். வழக்கமா சுடுறவன் பக்கம் நின்னுதான் இதைச் சொல்லுவாங்க. நான் குண்டு விழுற பக்கம் நின்னு வரைஞ்சேன். நாத்துக்கட்டோட அண்ணாந்து பாக்குற ஒரு அம்மா, பக்கத்துல மிரண்டு நிக்கிற எருமை. அந்த எருமைக்காக நாலு நாள் விடியக்காலையில போய் உக்காந்திருக்கேன். மாட்டுக்காரர் கடைசி நாள் டீயே வாங்கிக் கொடுத்துட்டார்.

பின்னங்கால் குளம்புக்குக் கீழே, சேத்துல, என் கையெழுத்து. அதை அழிச்ச மகராசன் குளம்பையும் சேத்து அழிச்சிருக்கார். அந்த இடத்துல இப்ப ஒரு செல்போன் நம்பர்.

"ஊருக்காக செஞ்சதுக்குப் பேர் எதுக்கு?"ன்னு சிலர் கேக்குறாங்க. அப்படியா? விழாவும் ஊருக்காகத்தானே? மைக் செட்காரர் வரைக்கும் நோட்டீஸ்ல பேர் இருக்கே. "பத்திரிகைக்குக் கொடுத்தாச்சுன்னா அவங்க சொத்து." 1957 பதிப்புரிமைச் சட்டம், 57ஆவது பிரிவு, படிச்சுப் பாருங்க. படத்தை வித்துட்டாலும் வரைஞ்சவன் நான்தான்னு சொல்லிக்கிற உரிமை என்னை விட்டுப் போகாது. நான் விக்கக்கூட இல்ல. "ஏஐ ரெண்டு நிமிஷத்துல போட்டுடும்." போடட்டும் சாமி, அதுகிட்டயே வாங்கிக்கங்க. கோட்டை மதில் சரியா இல்லன்னு ஒருத்தர். இருக்கலாம். 1758ல பிரெஞ்சுத் தளபதி லாலி புடிச்சு இடிச்சுத் தள்ளினதை நான் எங்க போய்ப் பாத்து வரையறது?

எங்கப்பா திருப்பாதிரிப்புலியூர்ல போர்டு எழுதினவர். ஜவுளிக்கடையோ டீக்கடையோ, வலது மூலையில சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தன் பேரை எழுதிட்டுத்தான் ஏணியை விட்டு இறங்குவார். கூலி பாக்கி வச்ச கடைக்காரங்க உண்டு. பேரை அழிச்சவங்க கிடையாது. அவர் தொழிலை முடிச்சு வச்சது ஃபிளெக்ஸ். கடைசி மூணு வருஷம் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில கழுவி வைக்கிறது மட்டும் நிக்கல, வேலையே இல்லாம. இதை ஏன் இங்க எழுதுறேன்னு தெரியல. அந்த ஃபிளெக்ஸைப் பாத்ததும் வேற எதுவும் ஞாபகம் வரல.

நேத்து விழாக்காரர் ஒருத்தருக்குப் போன் பண்ணேன். மரியாதையாத்தான் பேசினார். "உங்க படம்னு தெரியாதுண்ணே. அதுல பேரே இல்லியே"ன்னார்.

மேல காசு கேக்கலன்னு எழுதியிருக்கேன்ல, அந்த வரியை அடிச்சுடுங்க.