மன்ரோவியாவில் மட்டும் விசாரணை இல்லை

மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியா என்றால் நம்மில் பலருக்குக் கால்பந்து வீரர் ஜார்ஜ் வேயாதான் ஞாபகம் வருவார். எனக்கும் அப்படித்தான். அவர் அதிபராக இருந்த 6 வருஷத்தில் ஏன் ஒரு போர்க்குற்ற நீதிமன்றம்கூட அமையவில்லை என்று படிக்கப் போய், கடைசியில் ஒரு தேவாலயத்தில் வந்து நின்றேன்.

மன்ரோவியாவின் சின்கோர் பகுதியில் இருக்கும் புனித பேதுரு லூத்தரன் தேவாலயம். 1990 ஜூலை 29, இரவு. உள்நாட்டுப் போர் தலைநகருக்குள் வந்துவிட்டதால் ஜனங்கள் குழந்தைகுட்டிகளோடு அங்கே தங்கியிருந்தார்கள். பெரும்பாலும் கியோ, மானோ இனத்தவர். செஞ்சிலுவைக் கொடி கட்டியிருந்தது. கிளர்ச்சி அவர்களுடைய நிம்பா மாவட்டத்தில் தொடங்கியதால், அந்த இனத்தில் பிறந்தவர் எல்லோரும் அதிபர் சாமுவேல் டோவின் படைக்கு எதிரிகள். விடிவதற்குள் சுமார் 600 பேரைக் கொன்றுவிட்டார்கள். தப்பியவர்களில் சிலர் பிணங்களுக்கு அடியில் மூச்சை அடக்கிக் கிடந்தவர்கள்.

அந்தப் படைக்குத் தலைமை தாங்கியவர் மோசஸ் தாமஸ் என்று அமெரிக்காவில், பிலடெல்பியா நீதிமன்றம் 2021-இல் சொன்னது. அவர் மறுத்தார். 2022-இல் உயிர்தப்பிய 4 பேருக்கு 8.4 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்பு. உரிமையியல் வழக்கு, அதனால் சிறை கிடையாது. ஆளும் அதற்குள் லைபீரியாவுக்கே திரும்பிவிட்டார். ஆமாம், தப்பிக்க அவருக்குக் கிடைத்த இடம் குற்றம் நடந்த அதே நாடு!

அதே பிலடெல்பியாவில் முகமது ஜப்பாத்தே என்ற இன்னொரு தளபதிக்கு 2018-இல் 30 வருஷம் சிறை. கொலைக்காக அல்ல, குடியேற்றப் படிவத்தில் பொய் சொன்னதற்காக. முதலில் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. அப்புறம், அந்தப் பொய்யை நிரூபிக்க லைபீரியாவிலிருந்து வந்து சாட்சி சொன்னவர்களை நினைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. சுவிட்சர்லாந்து 2021-இல் லைபீரியப் போர்க்குற்றங்களுக்காக ஒருவரைத் தண்டித்தது, பிரான்ஸ் 2022-இல் ஒருவரை. கிளர்ச்சியைத் தொடங்கி, பிறகு லைபீரிய அதிபரான சார்லஸ் டெய்லருக்குக் கிடைத்த 50 வருஷமும் பக்கத்து நாடான சியரா லியோனில் நடந்த குற்றங்களுக்குத்தான். இரண்டு உள்நாட்டுப் போர்களில் சுமார் இரண்டரை லட்சம் பேர் செத்த லைபீரியாவில் போர்க்குற்றத்துக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

ஏன்? 'பெரிய மனிதர்கள் தங்களையே விசாரிப்பார்களா' என்பது சுலபமான பதில். அதில் பாதி உண்மைதான். மீதிக்கு பிரின்ஸ் ஜான்சனைப் பார்க்க வேண்டும். தேவாலயப் படுகொலை நடந்து ஆறே வாரத்தில் டோவைப் பிடித்துக் கொன்ற கிளர்ச்சித் தலைவர். டோவின் காதை அறுக்கும்போது இவர் உட்கார்ந்து பீர் குடிக்கும் வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. போர்க்கால அட்டூழியங்களை ஆராய்ந்த லைபீரியாவின் உண்மை ஆணையம் 2009 அறிக்கையில் இவரை விசாரிக்கச் சொன்னது. ஆனால் நிம்பா மக்கள் 2005-இலிருந்து இவரைத் திரும்பத் திரும்ப செனட்டராக்கினார்கள். தேவாலயத்தில் செத்தவர்களின் சொந்தக்காரர்கள் வாழும் மாவட்டம் அது. அவர்கள் கண்ணுக்கு இவர் கொலைகாரர் அல்ல, கணக்குத் தீர்த்தவர். தங்கள் சனத்தைக் கொன்றவர்களை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்காதபோது, ஜனங்கள் வேறு யாரைத்தான் பிடித்துக்கொள்வார்கள்?

அதனால்தான் 'பழைய புண்ணைக் கிளறாதீர்கள், அமைதி கெடும்' என்ற வாதம் எனக்கு ஒப்பவில்லை. பிலடெல்பியாவில் சொன்ன சாட்சியத்தை நிம்பாவில் ஒரு க்ரான் குடும்பத்தோடு உட்கார்ந்து யாரும் கேட்கவில்லை. டோவின் இனத்தவரான அந்த க்ரான் மக்கள் அனுபவித்ததையும் யாரும் கேட்கவில்லை. விசாரணை மன்ரோவியாவில் நடந்தால், பஸ் ஏறிப் போய் வாசல் பெஞ்சிலாவது உட்காரலாம்.

2024 மே மாதம் அதிபர் ஜோசப் போக்காய் நீதிமன்றம் அமைக்கும் வேலைக்கென ஓர் அலுவலகம் திறக்கக் கையெழுத்திட்டார். சரி, தொடக்கம்தான். அடுத்த வருஷம் ஜூனில் டோவுக்கு அரசு மரியாதையோடு மறு அடக்கம் நடந்தது. அதற்கு ஆள், பணம், தேதி எல்லாம் கிடைத்தது. பிரின்ஸ் ஜான்சன் அதற்கும் முன்பே, 2024 நவம்பரில், செனட்டராகவே செத்துப்போனார்.