குழாயை விடுங்கள், தட்டைப் பாருங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு ஆன்டிக் கடைகளிலும் சரி, மும்பை சோர் பஜாரிலும் சரி, வாசலிலேயே நம்மைப் பிடித்து நிறுத்துவது பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன்தான். தேய்த்துத் துலக்கிய குழாய், வார்னிஷ் மணக்கும் பெட்டி, முகப்பில் நாய் படம். அதே கடையின் உள்பக்கம், எனாமல் தூக்குகளுக்கும் ஊறுகாய் ஜாடிகளுக்கும் கீழே, சணல் போட்டுக் கட்டிய கறுப்பு இசைத்தட்டுகள் கிடக்கும். மேலெல்லாம் தூசி, பூஞ்சை, செல்லரித்த உறை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாசலில் இருப்பது அநேகமாகப் போலி. கட்டுக்குள் இருப்பதில் வேறு எங்குமே மிஞ்சாத ஒரு குரல் இருக்கக்கூடும். பழைய பொருள் தேடும் நம் ஆட்கள் பணத்தையெல்லாம் குழாய்க்குக் கொடுத்துவிட்டு, கட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வருகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

குழாய் விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். இந்தியாவில் வெகுகாலமாகப் புதிதாகவே 'பழைய' கிராமபோன் செய்து விற்கிறார்கள். பழுதான போர்ட்டபிள் கிராமபோனில் இருந்து மோட்டாரைக் கழற்றி, புதுப் பெட்டியில் பொருத்தி, மேலே ஒரு மெல்லிய பித்தளைக் குழாயை ஏற்றிவிடுவார்கள். திருகாணிகளைப் பாருங்கள். தலையில் கூட்டல் குறி வெட்டிய பிலிப்ஸ் திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. '1910 மாடல் சார்' என்று காட்டும் பெட்டியில் ஒன்றிரண்டு அப்படி இருந்தால் பிற்காலத்தில் மாற்றியிருக்கலாம்; எல்லாமே அப்படி என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகருங்கள். அடுத்து, குழாயும், முள்ளைத் தாங்கும் கையான டோன் ஆர்மும் சேரும் இடம். அசலில் பெட்டியின் பின்னால் இருக்கும் கனமான வார்ப்புத் தாங்கி குழாயின் எடையைச் சுமக்கும்; டோன் ஆர்ம் விரல் நுனியால் தொட்டாலே நகரும். போலியில் வளைவு முரடாக இருக்கும், ஒட்டு தெரியும், ஆட்டினால் லொடலொடக்கும். டோன் ஆர்ம் இறுக்கமாக இருந்தால் முள் தட்டின் மையத்தை நோக்கிச் சுலபமாக நகராது, பள்ளத்தின் ஒரு பக்கச் சுவரை அரைத்துக்கொண்டே போகும். வரவேற்பறை அலங்காரத்துக்குப் போதும் என்றால் வாங்குங்கள். நல்ல தட்டை மட்டும் அதில் வைத்துவிடாதீர்கள்.

பாட வைக்க ஒரு மெஷின் வேண்டும் என்கிறவர்கள் ரெக்சின் ஒட்டிய, சூட்கேஸ் மாதிரி மூடும் போர்ட்டபிளைத் தேடலாம். 1931ல் வந்த எச்எம்வி 102 இன்னமும் கிடைக்கிறது, அதன் ஒலியும் குழாய் மாடல்கள் பலவற்றைவிடத் தெளிவு. கடையிலேயே சாவி கொடுத்துப் பாருங்கள். எவ்வளவு சுற்றினாலும் இறுக்கம் ஏறவில்லை என்றால் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது, அல்லது கொக்கி விட்டிருக்கிறது. ஓடும்போது உள்ளே 'தொம் தொம்' என்று இடித்தால் கிரீஸ் கட்டிப் போயிருக்கிறது: ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, விட்டு விட்டுப் பிரிகின்றன. கழுவி, கிராஃபைட் கலந்த கிரீஸ் வைத்தால் சரியாகிவிடும். ஆனால் அந்த ஸ்பிரிங் டப்பாவைப் பழக்கம் இல்லாதவர்கள் திறக்கவே கூடாது. சுருண்டு கிடக்கும் எஃகுப் பட்டை சீறி வெளியே வந்து கையைக் கிழித்துவிடும்.

வேகம் பார்ப்பது எளிது. தட்டுக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும்படி வையுங்கள். முள்ளை வைத்துப் பாடவிட்டு, அரை நிமிடத்தில் காகிதம் எத்தனை முறை சுற்றி வருகிறது என்று எண்ணுங்கள். 39 வந்தால் சரி, நிமிடத்துக்கு 78 சுற்று என்பதுதான் இந்தத் தட்டுகளின் வேகம். குறைந்தாலும் கூடினாலும் பெட்டி மேலே இருக்கும் வேகத் திருகைத் திருப்பலாம். முள் இல்லாமல் வெறும் தட்டைச் சுழலவிட்டு எண்ணினால் கணக்கு தப்பும். முள்ளின் உராய்வு வேகத்தைக் கொஞ்சம் இழுக்கும். அப்படியே முள் பொருத்தும் வட்டத் தலையான சவுண்ட் பாக்ஸையும் கழற்றிப் பாருங்கள். பின்பக்க ரப்பர் நாளாக ஆகக் கல்லாகிவிடும், அதனால்தான் பாட்டு கிறீச்சிடும். அந்த ரப்பரை மாற்றலாம். துத்தநாகக் கலவையில் வார்த்த உடம்பே வீங்கி விரிசல் விட்டிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

முள் பற்றிப் பிடிவாதமாகச் சொல்கிறேன்: ஒரு பக்கத்துக்கு ஒரு எஃகு முள். மறுபக்கம் போடும்போது புதியது. காசு மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை. அரக்குத் தட்டு என்று சொன்னாலும் தட்டு முழுக்க அரக்கு கிடையாது. கல் பொடியும் சுண்ணாம்புப் பொடியும் சேர்த்து அழுத்தியது. அந்தப் பொடிதான் முதல் சில சுற்றுகளிலேயே முள்ளைத் தேய்த்து, பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. பக்கம் முடியும்போது முள்ளின் நுனியில் கூர்மையான இரண்டு தோள்கள் உருவாகியிருக்கும். அதையே மறுபடி வைத்தால் தோள்கள் பள்ளத்தின் சுவரைச் செதுக்கும். நூறு கிராமுக்கு மேல் எடை அந்த நுனியில் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கடையில் 200 முள் அடைத்த சின்னத் தகர டப்பா, படம் போட்டது, கண்ணில் பட்டால் காலியாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். அதற்கென்றே சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். உள்ளே துருப்பிடித்த முள் இருந்தால் கொட்டிவிடுங்கள்.

இனி அந்தக் கட்டு. ஒவ்வொரு தட்டாக, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து எடுங்கள். லேபிளில் முதலில் முத்திரையைப் பாருங்கள், பாட்டின் பெயரைப் பிறகு பார்க்கலாம். எச்எம்வியின் நாய் வருவதற்கு முன், அந்தத் தட்டுகளை வெளியிட்ட கிராமபோன் கம்பெனியின் சின்னம், இறகுப் பேனாவால் தட்டில் எழுதும் ஒரு தேவதை. தேவதை இருந்தால், அதிலும் ஒரு பக்கம் மட்டுமே பள்ளம் வெட்டி மறுபக்கம் வெறுமையாக இருந்தால், உங்கள் கையில் இருப்பது 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்து ஆண்டுகளைச் சேர்ந்தது. 1902ல் கம்பெனியின் பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்த பிறகு, இங்கே பதிந்த மெழுகு கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய், அங்கே தட்டாகித் திரும்பி வந்தது. லேபிளின் அடியில் ஹானோவர் என்று பொடி எழுத்தில் இருக்கும். 1908ல் கல்கத்தா சியால்தாவில் ஆலை வந்த பிறகுதான் இந்தப் பயணம் நின்றது. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் எல்லாம் மைக் இல்லாத அந்தக் காலத்தில், ஒலியை வாங்கும் புனலின் வாய்க்குள் முகத்தைக் கொடுத்துப் பாடியவர்கள். இவர்களில் ஒருவர் பெயரைப் பார்த்தால் தட்டில் கீறல் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டாம். வாங்குங்கள்.

லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே இருக்கும் வழுவழுப்பான வளையத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே மெட்ரிக்ஸ் எண், அதாவது அந்தப் பதிவின் அடையாள எண், பொறித்திருக்கும். எச்எம்வி தட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் குட்டி முக்கோணம் இருந்தால் அது மின்சார மைக் வந்த பிறகான பதிவு, அதாவது 1925க்குப் பிந்தையது. லேபிள் கிழிந்து போயிருந்தாலும் இந்த எண்ணை வைத்துப் பாட்டைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் 'லேபிள் இல்லாத தட்டு' என்று கடைக்காரர் ஒதுக்கி வைத்ததையும் விட வேண்டாம்.

செட்டிநாட்டுப் பக்கம் ஓடியன் லேபிள் அதிகம் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. காரைக்குடியில் பிறந்த ஏவி. மெய்யப்ப செட்டியார் படம் எடுக்க வருவதற்கு முன் சென்னையில் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி, ஓடியன் தட்டுகளைத் தென்னிந்தியாவில் விற்றவர். நாடகங்களைப் பல தட்டுகளில் தொடர்ச்சியாகப் பதிந்து 'செட்' என்று விற்ற காலம் அது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும் என்பதால் ஒரு நாடகத்துக்கு அடுக்கடுக்காகத் தட்டு வேண்டும். கட்டில் அந்த வரிசையில் ஒன்றுதான் இருந்தால் மற்றவை அதே கடையில் வேறு கட்டுக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே வீட்டுச் சரக்கு பெரும்பாலும் ஒன்றாகத்தான் வந்து சேரும். செட்டைப் பிரிக்காமல் வாங்குங்கள்.

எதிர்பாராத வகை ஒன்று உண்டு. மேல்நாடுகளில் 78 வேகத் தட்டு மறைந்த பிறகும் இந்தியாவில் கிராமபோன் கம்பெனியின் டம்டம் ஆலை 1960களிலும் அதை அழுத்திக்கொண்டிருந்தது. மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி கிராமபோன்கள் ஓடிக்கொண்டிருந்தனவே! அதனால் பீட்டில்ஸ் பாட்டுகள் பார்லஃபோன் லேபிளில் 78 வேக அரக்குத் தட்டாக இங்கே வெளிவந்தன. உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் இதைத் தேடுகிறார்கள். நம் கடைகளில் 'இங்கிலீஷ் பாட்டு, போகாது' என்று மூலையில் போட்டிருப்பார்கள்.

இன்னொன்று அதைவிட அபூர்வம். கையால் எழுதிய லேபிள், வழக்கத்தைவிட அதிகப் பளபளப்பு, நடுத்துளையைச் சுற்றிக் கூடுதலாகச் சின்னத் துளைகள், விளிம்பு பெயர்ந்த இடத்தில் வெள்ளியாக மின்னும் அலுமினியம். இது ஆலையில் அச்சிட்ட தட்டு கிடையாது. அலுமினியத் தகட்டின் மேல் லாக்கர் பூசி, நேரடியாக வெட்டிய ஒரே பிரதி. வானொலி நிலையமோ ஸ்டுடியோவோ பதிந்த கச்சேரி, பேச்சு, வாழ்த்து எதுவாகவும் இருக்கலாம். இதைச் சாவி கிராமபோனில் வைத்தால் ஒரே தடவையில் எஃகு முள் உழுது தள்ளிவிடும். மேலே வெள்ளையாகப் பூத்திருப்பதைக் கண்டு தேய்த்துக் கழுவவும் வேண்டாம். லாக்கர் உரியும் முன் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து டிஜிட்டலாக மாற்றுவதுதான் ஒரே வழி.

தட்டின் நிலையைக் கடையில் வைத்தே சோதிக்கலாம். நடுத்துளையில் ஒரு விரலை விட்டுத் தொங்கவிட்டு, விளிம்பை விரல் முட்டியால் மெல்லத் தட்டுங்கள். நல்ல தட்டு கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ஓட்டைப் பானை மாதிரி பதில் சொல்லும். விளிம்பில் சில்லு பெயர்ந்திருப்பது பாட்டுப் பள்ளத்தைத் தொடாதவரை குற்றமே இல்லை. கறுப்பு மங்கிச் சாம்பல் நிறம் ஏறியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அது தூசி கிடையாது, தேய்மானம். கழுவினால் போகாது. காகித உறையையும் எறியாதீர்கள். கும்பகோணம், யாழ்ப்பாணம், ரங்கூன், பினாங்கு என்று விற்ற கடையின் முத்திரை அதில் இருந்தால் தட்டு எங்கெல்லாம் சுற்றி வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. கட்டுக்குள் பாட்டுப் புத்தகமோ கம்பெனியின் தட்டுப் பட்டியலோ அகப்பட்டால், என்னைக் கேட்டால், பல தட்டுகளைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

வீட்டுக்கு வந்ததும் பலர் செய்யும் நாசம் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்கள்? சானிடைசர், ஆல்கஹால் கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம், டேப் ரெக்கார்டருக்கான ஹெட் கிளீனர் எதுவும் ஆகாது. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீர், பேட்டரிக்கு ஊற்றுகிறோமே அதேதான், நான்கு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். மென்மையான பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துலக்குங்கள், குறுக்கே வேண்டாம். லேபிளில் ஈரம் படக்கூடாது. வெறும் வடிநீரில் அலசி, நிழலில் நிற்க வைத்து ஒரு மணி நேரமாவது உலர்த்துங்கள். கொலம்பியா தட்டுகளில் கவனம் தேவை. அவற்றில் பல அடுக்காக ஒட்டியவை. விரிசல் வழியாக நீர் உள்ளே இறங்கினால் நடு அடுக்கு உப்பி மேல்தோல் கிளம்பிவிடும். அப்படிப்பட்டதை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பிறகு எல்லாவற்றையும் செங்குத்தாக, நெருக்கமாக அடுக்குங்கள். படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் நம் ஊர் வெயிலில் அடியில் இருப்பவை வளைந்துபோகும்.

பிற்கால வினைல் தட்டுகளுக்கான எல்பி பிளேயரில் 78 வேகம் இருக்கிறதே என்று அப்படியே போட்டுவிடாதீர்கள். எல்பி முள்ளின் நுனி சுமார் 18 மைக்ரான். அரக்குத் தட்டின் அகலப் பள்ளத்துக்கு 75 மைக்ரான் வேண்டும். சின்ன முள் பள்ளத்தின் அடியில் கிடந்து அங்கே சேர்ந்திருக்கும் குப்பையைத்தான் வாசிக்கும், பிறகு 'பழைய ரெக்கார்டு என்றாலே இரைச்சல்' என்று பழி தட்டின் மேல் விழும். 78க்கான முள்ளைத் தனியாக வாங்கிப் பொருத்துங்கள். பிளேயரில் 78 வேகம் இல்லையென்றால் 45ல் ஓட்டிப் பதிந்து, கணினியில் 1.733 மடங்கு வேகமாக்கலாம். இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து மோனோவாக்கினால் முள் மேலும் கீழுமாக அசைவதால் எழும் இரைச்சல் பெருமளவு தானே அடங்கிவிடும். இரைச்சல் நீக்கும் மென்பொருளைக் கொஞ்சமாகத் தொடுங்கள். அதிகமானால் முதலில் போவது பாடகரின் மூச்சும் வயலினின் மேல் ஸ்தாயியும்தான்.

சுருதியில் ஒரு எச்சரிக்கை. ஆரம்பகாலத் தட்டுகள் எல்லாம் துல்லியமாக 78ல் பதிந்தவை இல்லை, அதனால் வேகத்தைச் சற்று மாற்றிப் பார்க்க வேண்டிவரும். அதற்காக, குரல் மேலே இருக்கிறதே என்று குறைத்துக்கொண்டே போகாதீர்கள். கிட்டப்பா போன்ற நாடக மேடைப் பாடகர்கள் மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்க மிக உயர்ந்த சுருதியில் பாடியவர்கள். அந்தத் தட்டை இன்றைய காதுக்கு ஏற்ப ஒன்றரைக் கட்டைக்கு இறக்கினால் கேட்பது அவர் குரலாக இருக்காது. ஹார்மோனியம் கூட வந்தால் அதன் சுருதிக் கட்டையை அடையாளம் கண்டு அதற்கு வேகத்தைப் பொருத்துங்கள்.

பதிந்ததை உங்கள் கணினியிலேயே பூட்டி வைக்க வேண்டாம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாடலாசிரியர், இசையமைத்தவர் உரிமை அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள். இரண்டையும் சரிபார்த்துவிட்டு, இணையத்தில் இலவச நூலகமாக இயங்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றுங்கள். இரண்டு பக்க லேபிளையும் நேர் மேலிருந்து படம் எடுத்துச் சேருங்கள். கோப்பின் பெயரில் பாடகர், லேபிள், தட்டு எண், மெட்ரிக்ஸ் எண் நான்கும் இருக்கட்டும். பாட்டின் முதல் வரியை மட்டும் போட்டு ஏற்றியவை ஏற்கெனவே ஏராளமாக இருக்கின்றன. ஒரே பாட்டைப் பலர் பாடிய காலத்தில் அதை வைத்து யார் பாடியது, எந்தப் பதிவு என்று எவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.