சைவம் என்றாலே கோஷர் ஆகிவிடாது

"பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கு, சுத்த சைவம், இதை யூதர்கள் சாப்பிட என்ன தடை?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. யூத உணவுச் சட்டப்படி உண்ணத் தகுந்ததைத்தான் கோஷர் என்பார்கள். இன்னொரு பக்கம், யூத மதகுருவான ரபி வந்து ஏதோ ஓதிவிட்டுப் போனால் கோஷர் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் தவறு. ஓதுவதால் எந்த உணவும் கோஷர் ஆவதில்லை. என்ன பொருள், எந்தப் பாத்திரம், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று பார்ப்பதுதான் கோஷர். அதிலும் பாத்திரம்தான் பாதி என்பேன். பன்றியும் இறாலும் கூடாது என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அது மிக எளிய பகுதி. அன்றாடம் கவனத்தைக் கோருவது அடுப்படிதான்.

பத்து பார்க்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சோற்றுப் பானையைத் தொட்ட கையைக் கழுவாமல் தயிர்ச் சட்டியைத் தொடாத பாட்டிகளை நமக்குத் தெரியும். காரணங்கள் வேறு, வேர்களும் வேறு. ஆனால் எந்தக் கரண்டி எதைத் தொட்டது என்று மனசு கணக்கு வைத்துக்கொண்டே இருக்கிறதே, அந்த விழிப்பு ஒன்றுதான்.

குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்று பைபிளின் யாத்திராகமத்தில் இரண்டு இடத்திலும் உபாகமத்தில் ஓரிடத்திலும் வருகிறது. மூன்று முறை சொன்னதை வைத்து ரபிகள் மூன்று தடைகளாகப் பிரித்தார்கள்: இறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சமைக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, அதனால் வேறு பயன் அடையவும் கூடாது. கோழிக்கும் பால் சேரக் கூடாது என்பது பிற்காலத்தில் ரபிகள் போட்ட வேலி. மீன், முட்டை, காய்கறி, தானியம் எல்லாம் இரண்டிலும் சேராதவை. அவற்றுக்குப் பார்வே என்று பெயர். ஆகவே வீட்டில் தட்டு, சட்டி, கரண்டி, கத்தி, பாத்திரம் தேய்க்கும் பஞ்சு வரை இரண்டிரண்டு. இறைச்சிக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம், பார்வேக்குப் பச்சை என்று கைப்பிடியில் நிற நாடா சுற்றிவைப்பது பரவலான பழக்கம். தொட்டி ஒன்றே என்றால் அடியில் தனித்தனிக் கம்பித் தட்டு வைத்துத்தான் கழுவ வேண்டும். பாத்திரங்களைத் தொட்டியின் அடியில் நேராக வைக்கக் கூடாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இடறுவது வெங்காயத்தில். இறைச்சிக் கத்தியைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து ஒரு வெங்காயம் நறுக்குகிறீர்கள். அடுப்பே பற்றவைக்கவில்லை, கத்தியில் கொழுப்புப் பிசுக்கு கூட இல்லை. ஆனாலும் அந்த வெங்காயத்தைப் பால் சேர்ந்த உணவில் போட முடியாது. காரமான பொருளும் கத்தியின் அழுத்தமும் சேர்ந்தால், கத்தி உள்ளே வாங்கிவைத்த சுவை வெளியே வந்துவிடும் என்பது சட்டம். பூண்டு, முள்ளங்கிக்கும் இதேதான். வெள்ளரிக்காய் என்றால் இவ்வளவு கடுமை இல்லை. அதனால் தெரிந்தவர்கள் வெங்காயத்துக்கென்றே பச்சைப் பிடி போட்ட கத்தியும் பலகையும் தனியாக வைத்திருப்பார்கள். இரண்டு கத்தி வாங்கும்போதே மூன்றாவதையும் வாங்கிவிடுங்கள்.

கறிக் குழம்பில் ஒரு சொட்டுப் பால் தெறித்துவிட்டால் உடனே கொட்டிவிடாதீர்கள். ரபியைக் கூப்பிட்டால் அவர் முதலில் கேட்பது: எவ்வளவு பால், குழம்பு எவ்வளவு, கை பொறுக்காத சூடா? இந்தச் சூட்டை இன்று சுமார் 45 டிகிரி செல்சியஸ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தவறி விழுந்த பாலைப்போல 60 மடங்கு குழம்பு இருந்தால் பொதுவாக உணவு தப்பிக்கும். வேண்டுமென்றே ஊற்றிவிட்டு இந்தக் கணக்கைச் சொல்ல முடியாது. கரண்டி மாறிப்போனால், அது கடைசி 24 மணி நேரத்துக்குள் சூடான உணவில் பட்டதா என்பது முக்கியமான கேள்வி. ஒரு நாள் கடந்தால் உள்ளே ஊறிய சுவை கெட்டுப்போனதாகக் கணக்கு. பதற்றத்தில் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, பிறகு எது என்று அடையாளம் தெரியாமல் திண்டாடுவார்கள். அதைத் தனியே எடுத்துவைத்துவிட்டுக் கேளுங்கள்.

இப்படிக் கோஷர் கெட்டுப்போன உலோகப் பாத்திரத்தைத் திருத்தலாம். பிசுக்கு, துரு எதுவும் இல்லாமல் தேய்த்து, 24 மணி நேரம் தொடாமல் வைத்து, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் முழுக்கி, எடுத்துப் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். கனமான பாத்திரத்தை இறக்கியதும் கொதி அடங்கிவிடும். மறுபடி கொதித்த பிறகே எடுக்க வேண்டும், அவசரப்பட்டால் வேலை வீண். கைப்பிடித் திருகாணி இடுக்கில் பழைய உணவு ஒட்டியிருந்தாலும் அப்படித்தான். நேரடி நெருப்பில் வாட்டும் கம்பி, பேக்கிங் தட்டு போன்றவற்றுக்கு வெந்நீர் போதாது, நெருப்பிலேயே பழுக்கக் காய்ச்ச வேண்டும். மண்சட்டிக்குப் பரிகாரமே இல்லை. உடைக்க வேண்டியதுதான் என்று லேவியராகமமே சொல்கிறது.

சரி, சைவத்துக்கு வருவோம். கீரைக்கட்டு ஒன்று போதும், கோஷர் சமையல்காரருக்கு இறைச்சியைவிட அதிக வேலை வைக்க. பூச்சி உண்பது கடுமையான தடை. அசுவினி, இலைப்பேன் ஒன்று உள்ளே போனாலும் மீறல்தான். இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் சில நிமிடம் ஊறவைத்து, அலசி, வேகமாக விழும் குழாயடியில் இரண்டு பக்கமும் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். வெறும் தண்ணீர் போதாது. பூச்சி இலையோடு ஒட்டிக்கொள்ளும், சோப்பு அந்தப் பிடியைத் தளர்த்தும். ப்ரொக்கோலிப் பூவுக்குள் ஒளிந்தது இதற்கும் அசையாது என்பதால் பலர் புதிதாக வாங்குவதையே விட்டு, கோஷர் முத்திரை உள்ள உறைந்த பாக்கெட்டுக்கு மாறிவிட்டார்கள். 2004இல் நியூயார்க் குழாய்த் தண்ணீரில் கோப்பபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிரிகள் இருப்பது பெரிய விவாதமானது. அந்த நகரத் தண்ணீரில் பெரும்பகுதி வடிகட்டாமல் வருவது. சில ரபிகள் வடிகட்டி வேண்டும் என்றார்கள், சிலர் தேவையில்லை என்றார்கள். ஏராளமான வீடுகளில் குழாய்க்கு வடிகட்டி ஏறியது.

பாலாடைக்கட்டி, திராட்சைச் சாறு, ஒயின் மூன்றும் சைவம்போலத் தோன்றினாலும் தனிக் கண்காணிப்பு இல்லாமல் கோஷர் ஆகாது. உணவகத்தில் அடுப்பைப் பற்றவைப்பதற்கே ஒரு யூதர் வேண்டும். கோஷர் மேற்பார்வையாளர் காலையில் வந்து முதலில் செய்யும் வேலை பல இடங்களில் அதுதான்.

தொழிற்சாலை உணவுக்கு முத்திரை வந்தது இந்தச் சிக்கலால்தான். கோகோ கோலாவில் கிளிசரின் இருந்தது, அது விலங்குக் கொழுப்பிலிருந்து எடுத்தது. அட்லாண்டாவின் ரபி டோபியாஸ் கெஃபன் ஆராய்ந்து கேட்டுக்கொண்ட பிறகு தாவர கிளிசரினுக்கு மாறினார்கள். அவருடைய தீர்ப்பு 1935இல் வந்தது. இன்று முத்திரையைப் பார்க்கிறவர்கள் பக்கத்தில் உள்ள எழுத்தைச் சரியாகப் படிப்பதில்லை. 'டி' (D) என்றால் பால். பட்டியலில் பாலே இல்லாத பிஸ்கட்டிலும் 'டி' இருக்கும், பால் ஓடிய இயந்திரத்தில் செய்ததால். 'பி' (P) என்றால் பார்வே என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, அது யூதர்களின் பஸ்காப் பண்டிகைக்கு ஏற்றது என்பதன் குறி.

முத்திரை வந்த பிறகு வீட்டுக் கைவேலை மறந்துபோனது எனக்குப் பெரிய வருத்தம். இறைச்சிக்கு உப்பிடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தம் உண்ணக் கூடாது என்பதால், அறுத்த 72 மணி நேரத்துக்குள் இறைச்சியை அரை மணி தண்ணீரில் ஊறவைத்து, சற்று வடியவிட்டு, எல்லாப் பக்கமும் உப்புத் தடவி, சாய்வான பலகையிலோ ஓட்டைத் தட்டிலோ ஒரு மணி நேரம் வைத்து, மூன்று முறை கழுவுவார்கள். பொடி உப்பு உடனே கரைந்து ஓடிவிடும், பெரிய கல் உருண்டு விழும், நடுத்தரப் பரல்தான் நின்று உறிஞ்சும். அமெரிக்க சமையல் குறிப்புகளில் வரும் கோஷர் உப்புக்குப் பெயர் இந்த வேலையால் வந்தது. கோழியை வயிற்றுத் திறப்பு கீழே இருக்கும்படி கவிழ்க்காவிட்டால் இரத்தம் உள்ளேயே தேங்கும். ஈரலுக்கு இந்த முறை போதாது. அதை வெட்டி, நேரடி நெருப்பில்தான் வாட்ட வேண்டும். இப்போது இதையெல்லாம் கடையிலேயே முடித்துவிடுகிறார்கள். அது தெரியாமல் வழக்கமான அளவு உப்புப் போட்டுக் குழம்பைக் கரிக்க விடுகிறவர்கள் பலர்.

கொச்சி யூதர்கள் இந்தச் சட்டத்துக்குள் நின்றே அருமையான சமையலை வளர்த்தவர்கள். தேங்காய்ப் பால் பார்வே என்பதால் கோழிக்கும் கறிக்கும் தாராளமாகச் சேர்த்தார்கள். பாதாம் பாலில் இறைச்சி சமைத்தால், பார்ப்பவர்கள் தவறாக நினைக்காமல் இருக்கப் பக்கத்தில் நாலு பாதாம் வை என்று பழைய சட்டநூல் சொல்கிறது. இன்று அந்த இடத்தில் தேங்காய்ப் பால் டப்பாவை மேசையில் வைத்துவிடலாம்.

கோஷர் பார்க்கும் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்தால், எவ்வளவு சுத்தமாகச் சமைத்தாலும் உங்கள் சட்டியில் செய்ததை அவர் சாப்பிட முடியாது. மனம் வருந்தாதீர்கள், வற்புறுத்தவும் வேண்டாம். நறுக்காத முழு வாழைப்பழம், ஆரஞ்சு, அவர் ஏற்கும் முத்திரை உள்ள பிரிக்காத பாக்கெட், காகிதத் தட்டு. இறைச்சி சாப்பிட்டு வந்திருந்தால் பலர் ஆறு மணி நேரம் பால் தொடமாட்டார்கள். ஜெர்மானிய யூத மரபில் மூன்று, டச்சு மரபில் ஒன்று. ஆகவே காப்பியைக் காகிதக் கோப்பையில் பால் விடாமல் நீட்டுங்கள். பாலைப் பற்றி அவரையே கேளுங்கள்.