நானா, 420க்கும் 428க்கும் வித்தியாசம் வெறும் எட்டு இல்லை

"பல்லுக்குப் பல்லு சரியா வருதே தம்பி, பிறகென்ன?"

மோட்டார் சைக்கிள் சாமான் விற்கிற நானா ஒருவரிடம் இந்த வசனத்தை இந்தக் கிழமை மட்டும் நாலு தரம் கேட்டுவிட்டேன். ஐந்தாம் தரம் கேட்டால் வாவிக்குள் இறங்கிவிடுவேன்.

பழைய ஹொண்டா 90 மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவர்களுக்குக் கதை சொல்லத் தேவையில்லை. செயின் இழுபடும், அதை ஓட்டுகிற முன் பல்லுச் சக்கரத்தின் (ஸ்ப்ரொக்கெட்) பல்லு சுறாப் பல்லு மாதிரிக் கூராகும், காத்தான்குடியில் தொடங்கிக் கல்முனை வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டுக் கடைசியில் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குக் கோல் எடுப்போம். நானும் எடுத்தேன். படம் அனுப்பினேன். "தொண்ணூறுக்குத்தானே, செட்டாவே கிடக்கு" என்றார் நானா.

செட்டாம்! ஒரே பொலித்தீன் பை, மேலே பேனையால் 'ஒரிஜினல்' என்று எழுத்து. உள்ளே செயின் 420 அளவு. முன் சக்கரம் 428 அளவுச் செயினுக்கு வெட்டினது. பின் சக்கரம் எந்த வண்டியினுடையது என்று அதை வார்த்தவனுக்கே தெரியாது, நாலு துளையும் ஒரு நூல் வெளியே நிற்கிறது. மூன்று சாமான், மூன்று தகப்பன்.

வீடியோ கோலில் வந்தார். செயினை எடுத்து முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் பிடியுங்கள் என்றார். பிடித்தேன். இன்னும் கிட்டப் பிடியுங்கள் என்றார். மூக்கோடு மூக்கு வைத்த மாதிரிப் பிடித்தேன். "பாருங்க, பல்லுக்குப் பல்லு!"

சரியாகத்தான் வரும் நானா! இரண்டிலும் ஊசிக்கு ஊசி அரை இஞ்சி, 12.7 மில்லிமீற்றர். எண் நாலில் தொடங்குவதே அதற்குத்தான். வில்லங்கம் அகலத்தில். 420 செயினின் உள் அகலம் 6.35, மற்றதினது 7.94. அந்த ஒன்றரை மில்லிமீற்றர்தான் என் ஞாயிற்றுக்கிழமையை முழுதாகத் தின்றது. தடித்த பல்லு ஒடுங்கின செயினுக்குள் இறங்காது, வேலியில் கோழி குந்தின மாதிரி மேலேயே குந்தும். இதை நான் தமிழில்தான் சொன்னேன். அவருக்கும் தமிழ்தான்.

"அப்ப கிரைண்டர்ல ரெண்டு பக்கமும் கொஞ்சம் பிடிச்செடுங்க."

கடினமேற்றின மேற்பட்டையைச் சீவிவிட்டு வெறும் பச்சை இரும்பில் ஓட்டச் சொல்கிறார். பல்வைத்தியர்கூட இவ்வளவு துணிவாகப் பல்லை ராவச் சொல்லமாட்டார்.

சரி, ஊர் மெக்கானிக்காவது கைகொடுப்பார் என்று போனால், அவர் இன்னொரு ஞானி. "செயினை 428 ஆப் போடுவம் தம்பி. பின்னுக்குப் பழைய சக்கரமே கிடக்கட்டும். அகலச் செயின் எதிலயும் ஓடும்." ஓடியதுதான். 420 செயினின் 7.77 மில்லிமீற்றர் உருளைக்கு வெட்டின குழிக்குள் 428இன் 8.51 உருளை குந்திக்கொண்டு, பக்கத்துக்குப் பக்கம் ஆடிக்கொண்டு, டக் டக் டக் என்று மட்டக்களப்புக் கல்லடிப் பாலம் வரைக்கும் ஓடியது. பாலத்துக்கு நடுவில் கழன்றது. பக்கத்திலுள்ள பழைய பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர், மீனையும் பார்க்காமல் என்னையே பார்த்தார்.

"செயின் கழண்டிட்டு போல."

ஓம் ஐயா. கழன்றது செயின் மட்டுமில்லை.

2017இலேயே என் ஹொண்டா 90 சேர்ந்த இந்த சூப்பர் கப் குடும்பத்தின் உற்பத்தி பத்துக் கோடி வண்டியைத் தாண்டிவிட்டது. பத்துக் கோடி! அத்தனை வண்டியிலும் சக்கரம் ஓடியிருக்கிறது, எனக்கு ஒன்று கிடைக்கவில்லை. நானாவிடம் இதையும் சொன்னேன். "அவ்வளவு ஓடினா எப்படித் தம்பி மிஞ்சும்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். காசைத் திருப்பித் தருவதைப் பற்றி மட்டும் இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

இரவு, எல்லாவற்றையும் கழற்றித் திருப்பி அனுப்புவம் என்று குந்தினேன். முன் சக்கரத்தைப் பிடித்திருப்பது ஒரு தகடும் இரண்டே இரண்டு போல்ட்டும். பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேணும். என் ஸ்பேனர் போன தைப்பொங்கலுக்குப் பக்கத்து வளவுக்குப் போனது. மதிலால் எட்டிப் பார்க்கிறேன், உடுப்புக் காயவைக்கிற கம்பியை முறுக்கி இறுக்கி அதிலேயே செருகி வைத்திருக்கிறான் பாவி. துருப்பிடித்துத் தொங்குகிறது. அதிலும் ஒரு துவாய் காயப்போட்டிருக்கிறான்.